பார்க்கக் கூடாத சாட்சி

பிப்ரவரி 11

மாப்பிள்ளைக்கு,

என் வாக்கை என்னிடமிருந்து பிடுங்குகிற சட்டத்துக்கு ஆதரவாக நேற்று ஊர் மன்றத்தில் நீங்கள் கையைத் தூக்கினீர்கள். நான் சுட்டு அனுப்பிய ரொட்டியைத் தின்ற கை அது.

என் அக்கா மகள் வெர்னா வந்து சொன்னாள். "சின்னம்மா, உங்க மாப்பிள்ளை கைதான் முதல்ல மேல போச்சு. விடை தெரிஞ்ச பையன் மாதிரி நாற்காலியிலேர்ந்து எம்பி எம்பித் தூக்கினாரு."

மாநிலத் தலைநகரத்தில் எழுதப்பட்டிருக்கும் அந்தச் சட்டத்தை நான் படித்துவிட்டேன். மாவுச் சாக்கில் இருந்த எழுத்துகளைப் பார்த்து நானாகப் படிக்கக் கற்றவள்தான், ஆனாலும் படித்தேன். தேர்தலுக்கு முன்னால் இரண்டு வாரம் ஊர் மன்ற வாசலில் வந்து நிற்குமே வாக்குப்பெட்டி வண்டி, அது இனி வராது. வீட்டிலிருந்தபடி வாக்குப் போடுகிறவரின் உறையை, அவரோடு ஒரே முகவரியில் வசிப்பவர் மட்டும்தான் எடுத்துப் போகலாம். அப்படி எடுத்துப் போகிறவர், "இவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் கண்டேன்" என்று உறையின் மேல் எழுதித் தர வேண்டும். பொய்யாக எழுதினால் சிறை.

இந்த முகவரியில் இருப்பது யார்? உங்கள் மனைவி ராணுவ உடையில் கடலுக்கு அப்பால் இருக்கிறாள். அவள் அப்பா இல்லை. முற்றத்துக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கத் தகர வீட்டில் நீங்கள்.

பத்தொன்பது வருடமாக நான் காதில் வெள்ளி மணி கட்டிக்கொண்டு நடப்பது எதற்கு? சத்தம் கேட்டு நீங்கள் விலகிப் போவதற்கு. நவஹோக்களில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்தால் கண் போகும் என்று உங்கள் தாய் உங்களுக்குச் சொல்லவில்லையா? தெரியாதவர் போல் கையைத் தூக்கியதால் எழுதுகிறேன்.

என் மகள் ஆர்டித் இங்கே இருந்தவரை அவள் வழியாகப் பேசினோம். அவள் ராணுவத்துக்குப் போன பிறகு வேலிக் கம்பத்துக் காபி டின் வழியாகப் பேசுகிறோம். ஆடு, தண்ணீர், வைக்கோல் என்று இருந்தது. இப்போது இதையும் அதில் போடுகிறேன்.

பதில் வேண்டும்.

லுசீல் மெனிகோட்ஸ்

•

பிப்ரவரி 13

அத்தைக்கு,

இரண்டு தாள் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. எனக்குக் காற்றாலைப் பம்பைக் கழற்றி மாட்டத் தெரியும். இந்த மாதிரி எழுதத் தெரியாது.

நான் கையைத் தூக்கியது உங்களுக்கு எதிராக அல்ல. ஹார்லனுக்கு எதிராக. அவன் உங்கள் அக்கா மகன், நம் வழக்கத்தில் உங்களுக்கு மகன் என்றே கணக்கு, எல்லாம் தெரியும். நவம்பரில் ஓடைப் பாலத்துக்கு வாக்கெடுப்பு நடந்தபோது, வழக்கம் போல இந்தப் பள்ளத்தாக்கின் கிழவர் கிழவி எல்லோருடைய உறைகளையும் அவன்தான் வாங்கிப் போனான். பாலம் தோற்றது. ஒரு கைப்பிடி வாக்கில் தோற்றது. ஜனவரியில் அவன் வண்டிக்கு அச்சு பற்றவைக்கப் போனேன். பின்னால் வைக்கோலை மூடியிருந்த நீலத் தார்ப்பாயைத் தூக்கினால், அடியில் உறைகள் வைத்த பை. மேலே இருந்தது என் அம்மாவுடையது.

"என்னடா இது?" என்றேன்.

"ஐயோ, மச்சான், அன்னிக்குப் பனி கொட்டிச்சு. ஆடு வேற அந்த நேரம் பார்த்துக் குட்டி போட்டுச்சு. நாளைக்குப் போகலாம்னு நினைச்சேன்."

"எந்த நாளைக்குடா?"

அவன் தலையைச் சொறிந்தான். ஒரு பாலத்தை வைக்கோலுக்கு அடியில் போட்டுவிட்டுத் தலையைச் சொறிகிறான்.

அதனால்தான் மன்றத்தில் "அவங்கவங்க வீட்டு உறையை அவங்கவங்க வீட்டு ஆளே எடுத்துட்டுப் போகட்டும்" என்று படித்ததும் என் கை தானாகப் போயிற்று. உங்கள் வீட்டு ஆள் யார் என்று நான் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், என் மனதில் நம்முடையது ஒரே வீடு இல்லை, அத்தை. இரண்டு வீடு, நடுவில் மணிச்சத்தம். அரசாங்கத் தாளில் அது ஒரே முகவரி என்பது உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் உறைத்தது.

ரொட்டிக்கு நன்றி. இன்று வைக்கவில்லை போலிருக்கிறது.

கர்டிஸ் எட்சிட்டி

•

பிப்ரவரி 16

மாப்பிள்ளைக்கு,

ரொட்டி வைக்கவில்லைதான்.

ஹார்லன் சோம்பேறி. அவனைத் திட்ட எனக்கு வாய் இருக்கிறது, திட்டியும் ஆயிற்று. ஒரு சோம்பேறியைத் திருத்த ஒரு பள்ளத்தாக்கையே கட்டிப் போடுவதா? ஆடு வேலி தாண்டினால் ஆட்டை அடிப்பதா, காலை வெட்டுவதா?

பாலத்தைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். ஆர்டித்தின் அப்பாவுக்கு மூச்சு முட்டிய அன்று ஆம்புலன்ஸ் வந்தது. ஓடைக்கு அந்தக் கரை வரை வந்தது. அதன் சிவப்பு விளக்கு சுற்றுவதை இந்தக் கரையிலிருந்து நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். தண்ணீர் இறங்கும்வரை அது சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் காத்திருக்கவில்லை.

மே மாதம் பாலத்துக்கு மறுபடி வாக்கெடுப்பு. சட்டம் அதற்கு முன்பே அமலுக்கு வரும் என்று போட்டிருக்கிறார்கள். என் இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து என்னை அந்தக் கல்ரோட்டில் வண்டியில் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பது உங்களுக்கும் தெரியும். வாக்குப்பெட்டிக்கு நான் போக முடியாது. அது என்னிடம் வராது. எடுத்துப் போகக் கூடியவர் பார்க்கக் கூடாதவர். பார்க்கக் கூடியவன் எடுத்துப் போகக் கூடாதவன். ஆட்டுப் பட்டிக்குக்கூட ஒரு வாசல் வைக்கிறோம்.

அடுத்த மாதம் தலைநகரத்தில் சட்டத்தின் மேல் கருத்துக் கேட்கிறார்கள். நான் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். தூக்கிய கையாலேயே அதை எடுத்துப் போய் வாசியுங்கள்.

லுசீல் மெனிகோட்ஸ்

•

மார்ச் 9

அத்தைக்கு,

போய்வந்தேன். இரவெல்லாம் ஓட்டிக் காலையில் சேர்ந்தேன். ஓடை அப்போது வற்றித்தான் கிடந்தது.

ஆளுக்கு இரண்டு நிமிடம். உங்கள் கடிதத்தில் பாதிதான் வாசிக்க முடிந்தது. சிவப்பு விளக்கு வரை வந்தேன், மணி அடித்துவிட்டது. பிறகு குழுத் தலைவர் கேள்வி கேட்டார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உங்க மாமியாரும் நீங்களும் ஒரே முகவரிதானே?"

"ஆமா ஐயா. ஒரே முற்றம். வேற வேற வீடு."

"அப்புறம் என்ன கஷ்டம்? நீங்களே சாட்சி போடலாமே."

"நான் அவங்களைப் பார்க்கக் கூடாது ஐயா."

"கோர்ட் உத்தரவா?"

"இல்ல ஐயா. அதைவிடப் பழசு."

சிரித்தார்கள். ஓரத்தில் இருந்த இன்னொருவர் சொன்னார்: "எனக்கும் அந்த மாதிரி ஒரு சட்டம் போடுங்கப்பா. என் மாமியார் கிறிஸ்துமஸுக்கு வந்தா ஜனவரி முடிஞ்சுதான் கிளம்புறாங்க." அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை, அத்தை. கெட்டவர்களாக இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பிறகு தலைவர் ஒரு தாளை எடுத்தார். "மிஸ்டர் எட்சிட்டி, நவஹோ நிலத்துலேர்ந்து எங்களுக்கு வந்த ஒரே தீர்மானம் உங்க ஊர் மன்றத்தோடது. ஆதரிச்சு அனுப்பியிருக்காங்க. முன்மொழிஞ்சவர்னு உங்க பேர் இருக்கே?"

நான் முன்மொழியவில்லை. கையைத்தான் முதலில் தூக்கினேன். நம் செயலாளர் அதை அப்படி எழுதிவிட்டார். அங்கே நின்று அதை எப்படி விளக்குவது? "கோபத்துல தூக்கிட்டேன் ஐயா" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் வானொலியில் சொன்னார்கள். சட்டம் இரண்டு சபையிலும் நிறைவேறிவிட்டது.

கர்டிஸ்

•

மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

வெர்னா ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. அவள் தோழிகள் சிரிக்கிறார்கள். "இந்தக் காலத்துல யாரு சின்னம்மா மாமியார் முகத்தைப் பார்க்காம இருக்கா? நானும் என் மருமகனும் ஒண்ணாக் கூடைப்பந்து பார்க்கப் போறோம்" என்கிறாள் ஒருத்தி. போகட்டும். அவள் முகம், அவள் மருமகன்.

வழக்கத்தை விட்டுவிடு என்று சட்டம் சொல்லவில்லை. வாக்கை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே வாசலில் நிறுத்திவிட்டு, ஏதாவது ஒன்று மட்டும் நுழையலாம் என்கிறது. இதைச் செய்தவர்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்க அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை; ஆனாலும் பார்த்ததில்லை.

எனக்காவது நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள், உதவாவிட்டாலும். ஓடைக்கு அப்பால் தனிக்கட்டையாக இருக்கிற கிழவர்களை நினைத்தீர்களா? வில்லோ மேட்டில் ரேமண்ட் பிளாக்ஹார்ஸ். அவர் நாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?

நேற்று காலை நீங்கள் பட்டியைச் சுற்றி வரும்போது மணி கேட்டும் மெதுவாகத்தான் விலகினீர்கள். கவனித்தேன். அது வேண்டாம்.

லுசீல் மெனிகோட்ஸ்

•

மார்ச் 30

அத்தைக்கு,

ஆர்டித் நேற்று போனில் பேசினாள். அவளுடைய வாக்குச்சீட்டு அவள் இருக்கும் கப்பலுக்கே வந்துவிட்டதாம். ராணுவத்துக்கு இந்தச் சட்டம் இல்லை. யாரும் பார்க்க வேண்டாம், யாரும் சாட்சி வேண்டாம், தாமதமாக வந்தாலும் எண்ணுவார்களாம். "உலகத்தோட அந்தக் கோடியிலேர்ந்து நான் போட்டுட்டேன். எங்கம்மா பட்டிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டுப் போட முடியலையா?" என்றாள். செலவு ஏறுகிறதே என்று நான்தான் போனை வைத்தேன்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

கல்யாணமான இரண்டாம் வருடம் பட்டி மூலையில் திரும்பும்போது உங்களைப் பார்த்துவிட்டேன். முகம் இல்லை, தலைமுடியும் தோளும். அன்று காற்று பலமாக இருந்தது, மணி கேட்கவில்லை. அதே வாரம் தண்ணீர்த் தொட்டியைப் பற்றவைக்கும்போது பொறி தெறித்து என் இடது கண் போயிற்று. முகமூடி போடாமல் பற்றவைத்தவன் நான். அது நெருப்புப் பொறி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்த மூலையில் இருமாமல் திரும்பியதில்லை.

மிச்சம் ஒரு கண் இருக்கிறது. சட்டத்துக்கு அது போதும். நான் பார்க்கிறேன், அத்தை. சாட்சி போடுகிறேன். பிறகு வருவது வரட்டும். கையைத் தூக்கியவன் நான்தானே.

கர்டிஸ்

•

ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

முடியாது.

நான் கேட்டது உங்கள் கண்ணை அல்ல. என் வாக்கை.

ஆர்டித் உங்களை இரண்டு கண்ணோடு இங்கே கூட்டிவந்தாள். ஒன்றுக்கு நான் ஏற்கெனவே பதில் சொல்ல முடியாமல் இருக்கிறேன். பொறியோ, தோளோ, காற்றோ, எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் இன்னொரு கண்ணை வைத்து ஆட மாட்டேன். ஒரு பாலத்துக்காகப் பம்பு பார்க்கும் ஆளைக் குருடாக்கிவிட்டால், பாலத்தில் யார் நடந்து வந்து தண்ணீர் இறைப்பார்கள்?

பார்க்காமலே பார்த்ததாக எழுதித் தரலாம் என்று ஹார்லன் சொல்லியனுப்பினான். அவனுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். பொய்யால் போட்ட வாக்கு எனக்கு வேண்டாம். அதற்குச் சிறைக்குப் போகிறவர் நீங்கள். ஆர்டித் வரும்போது அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

சட்டத்தில் உள்ள சொற்களை மறுபடி படித்தேன். "கையெழுத்திடுவதைக் கண்ணால் கண்டேன்." இதற்கு என்ன அர்த்தம் என்று மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேளுங்கள். நானாகவே ஒரு அர்த்தம் வைத்திருக்கிறேன். அதை இப்போது சொல்ல மாட்டேன், முதலில் கேளுங்கள்.

வாசலில் ரொட்டி வைத்திருக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாவு மிஞ்சியது.

லுசீல் மெனிகோட்ஸ்

•

ஏப்ரல் 20

அத்தைக்கு,

பெட்ரோல் பங்க் பக்கத்தில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கிறது. மூன்றாம் தடவை தேர்தல் அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள். இளவயதுக் குரல். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், சாட்சி ஆளைப் பார்க்கணுமா, கையெழுத்துப் போடுறதைப் பார்க்கணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"எங்க வீட்டுல இல்ல. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

தாள் புரட்டும் சத்தம். "'கையெழுத்திடுவதைக் கண்ணால் கண்டேன்.' அவ்ளோதான் இருக்கு."

"முகத்தைப் பத்தி?"

"முகமா?"

"முகத்தைப் பார்க்கணும்னு எங்கேயாவது போட்டிருக்கா?"

"சார், முழுச் சட்டமும் என் முன்னாடி இருக்கு. முகம்ங்கிற பேச்சே இல்ல."

"அப்போ கை மட்டும் தெரிஞ்சா போதுமா?"

"சார்... அவங்க உயிரோடதானே இருக்காங்க?"

"நேத்துகூட என்னைத் திட்டிக் கடிதம் போட்டாங்க மேடம்."

அவள் சிரித்துவிட்டாள். இது வேறு சிரிப்பு. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் சரின்னும் சொல்ல முடியாது, தப்புன்னும் சொல்ல முடியாது. யாராவது ஆட்சேபிச்சா நீதிபதிதான் சொல்லணும். ஆனா ஒண்ணு கேட்பாங்க சார். வெறும் கையைப் பார்த்தா, அது அவங்க கைதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

உங்கள் கையை நான் பார்த்ததே இல்லை, அத்தை. அது கறுப்பா, மெலிந்ததா, விரலில் மோதிரம் உண்டா, எதுவும் தெரியாது. மறுபடியும் அதே பட்டிக்குள்தான் நிற்கிறோம் போலிருக்கிறது.

மேற்கே மேகம் கூடுகிறது. வைக்கோலை மூட வேண்டும்.

கர்டிஸ்

•

ஏப்ரல் 24

மாப்பிள்ளைக்கு,

அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆர்டித் போனதிலிருந்து நான் காபி டின்னில் போட்ட எதையும் நீங்கள் எறியவில்லை என்று வெர்னா சொல்லியிருக்கிறாள். எடுத்துப் பாருங்கள். ஆட்டு மருந்து, வைக்கோல், திட்டு, எல்லாவற்றுக்கும் கீழே என் பெயர். ஊரில் எல்லோருக்கும் என் முகம் தெரியும். என் கையெழுத்து உங்களுக்குத்தான் தெரியும். பெயரின் கடைசியில் நான் வால் இழுப்பதைத் தூக்கத்திலும் நீங்கள் அடையாளம் சொல்வீர்கள். கையெழுத்துக்குச் சாட்சி வேண்டும் என்கிறார்கள். வேறு எதையுமே பார்க்காமல் அதை மட்டுமே பார்த்து வந்த ஆள், இந்த மாநிலத்தில் உங்களைவிட யார்?

வாக்குச்சீட்டு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை, காற்று எழும் முன். இனி ஆகவேண்டியது:

ஹார்லன் தன் நீலத் தார்ப்பாயைக் கொண்டுவர வேண்டும். அதே தார்ப்பாய். பட்டிக்குப் பக்கத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கட்டி, என் இடுப்பு உயரத்தில் ஒரு கை நுழையும் அளவுக்கு அவனே கத்தியால் கிழிக்க வேண்டும். புதுத் தார்ப்பாய் என்ன விலை என்று என்னிடம் வரக் கூடாது. உறையைத் தொடவும் கூடாது.

வெர்னா என்னை நாற்காலியோடு தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் உட்கார வைக்க வேண்டும். உங்கள் பக்கம் கிழிசலுக்குக் கீழே ஒரு பலகையும் பேனாவும். அவள் சிரிக்கக் கூடாது. சிரிப்பாள். பரவாயில்லை.

சீட்டில் கோடு போடுவது என் பக்கத்தில், யாரும் பார்க்காமல். மூடி ஒட்டிய உறையும் என் கையும் மட்டும் வெளியே வரும்.

நீங்கள் என் மணி நிற்கும்வரை கண்ணை மூடியிருக்க வேண்டும். நின்ற பிறகு திறக்க வேண்டும். கை, பேனா, பெயர். வால் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் சொல்ல வேண்டும். இருந்தால் உங்கள் பெயரைப் போட வேண்டும். மணி மறுபடி கேட்டதும் கண்ணை மூட வேண்டும்.

யாராவது ஆட்சேபித்தால் என் கடிதங்கள் அத்தனையையும் நீதிபதி முன் வைக்க வேண்டும். ஹார்லனைத் திட்டியதையும் சேர்த்து.

தலைநகரத்துக் குழுத் தலைவர் வந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். வரமாட்டார். அந்த முனையைக் கடா ஆட்டோடு கட்டிவிடவும்.

மேற்கே மழை பெய்து ஓடை ஓடினால், உறை காபி டின்னிலேயே இருக்க வேண்டும். நீங்கள் தண்ணீரில் வண்டியை இறக்கக் கூடாது. அந்தக் கரையில் விளக்கு சுற்றுவதை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது.

ரேமண்ட் பிளாக்ஹார்ஸுக்கும் அவர் போலத் தனியாக இருக்கும் மற்றவர்களுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு நாள் யோசித்தேன். தார்ப்பாய் போதவில்லை. அந்த வரியைச் சட்டம் எழுதியவர்கள் எழுத வேண்டும். அவர்கள் எழுதும்வரை இடம் விட்டிருக்கிறேன்.

 

ஓடையின் மேல் பாலத்தை மாவட்டம் கட்ட வேண்டும்.

லுசீல் மெனிகோட்ஸ்